பொதுப்பணமும் திரைப்படமும்



ஒருவன் பாடும்போது அவன் வாயைப் பொத்துவது ஒரு செயல். பாடி முடித்தவனுக்குப் பரிசு கொடுக்க மறுப்பது வேறொரு செயல். முன்னதைத் தடை என்கிறோம். பின்னதைத் தடை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் பாடுவதற்கே பெரும்பொருள் வேண்டும், அப்பொருளில் ஒரு பகுதி அரசாங்கத்தின் கையிலிருந்து வந்தால்தான் பாட முடியும் என்ற நிலை இருக்குமானால் என்ன சொல்வது? அப்போது பரிசை மறுப்பதும் வாயைப் பொத்துவதும் ஒன்றாகிவிடுமா? சர்ச்சைக்குரிய திரைப்படங்களுக்குப் பொதுப்பணத்தை மறுப்பது தணிக்கையாகுமா என்ற இக்கேள்வி பல நாடுகளில் எழுந்ததுண்டு. அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் தணிக்கை என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் 1918ஆம் ஆண்டிலேயே சினிமாவுக்கென ஒரு சட்டம் பிறந்தது. விடுதலைக்குப் பின் 1952இல் இயற்றப்பட்ட சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அச்சட்டப்படி, சான்றிதழ் பெறாத படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிட முடியாது. இவ்வாறு முன்கூட்டியே படத்தைப் பார்த்து அனுமதிப்பது பேச்சுரிமைக்குப் பொருந்துமா என்று கே. ஏ. அப்பாஸ் என்னும் எழுத்தாளரும் இயக்குநருமான அறிஞர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1970இல் தீர்ப்பு வந்தது. முன்தணிக்கை அரசியலமைப்புக்கு ஏற்புடையதே என்று நீதிமன்றம் கூறியது. ஆயினும், கலைக்கும் ஆபாசத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் விதிகள் வேண்டும் என்பதையும் அது வற்புறுத்தியது. இதிலிருந்து நாம் அறிவது என்ன? தணிக்கை என்பது, “இதைக் காட்டாதே” என்று சட்டத்தின் வலிமையோடு சொல்வது. அதற்கு ஒரு வாரியம் உண்டு, விதி உண்டு, பாதிக்கப்பட்டவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வழியும் உண்டு.

இனி, பொருளுதவிக்கு வருவோம். சங்க காலத்துப் புலவர்களுக்கு ஓர் அரசன் பரிசில் தராமல் காலம் நீட்டித்தால், அவர்கள் வேறொரு வள்ளலின் வாயிலை நோக்கி நடந்தார்கள். புலவனுக்கு வேண்டியது புலமையும் வழிநடைக்கு வலிய கால்களுமே. திரைப்படக் கலைஞனின் நிலை அதுவன்று. காமிரா, ஒளிவிளக்குகள், நடிகர்கள், தொழிலாளர்கள், படப்பிடிப்புக் கூடம் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். வணிகர்கள் போட்ட முதல் திரும்பி வரும் படத்தையே நாடுவது இயல்பு. ஆகையால், புதுமுயற்சிகளுக்குக் கைகொடுக்கப் பல நாட்டு அரசாங்கங்கள் முன்வந்தன. நம் நாட்டில் 1960இல் திரைப்பட நிதிக் கழகம் தோன்றியது. மிருணாள் சென் இயக்கி 1969இல் வெளிவந்த ‘புவன் ஷோம்’ அந்நிதியின் துணையால் உருவான படமாகும். இந்தியத் திரைப்படத்தில் ஒரு புதிய போக்கிற்கு அது வழிவகுத்தது.

நம் கேள்வியைக் கூர்மையாகக் காட்டும் வரலாறு கனடா நாட்டினுடையது. அந்நாட்டின் அண்டை வீட்டில் இருப்பது ஹாலிவுட். பேசும் மொழியும் பெரும்பாலோர்க்கு ஒன்றே. ஆகவே கனடாவின் திரையரங்குகளில் அமெரிக்கப் படங்களே நிறைந்திருந்தன. தம் நாட்டுக் கதைகளைத் தம் மக்கள் திரையில் காணவேண்டும் என்று எண்ணி, 1967இல் கனடிய அரசாங்கம் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவியது.

அக்கழகம் பணம் தந்த படங்களுள் ஒன்று 1975இல் வெளிவந்த ‘ஷிவர்ஸ்’. டேவிட் குரோனன்பெர்க் என்ற இளைஞர் இயக்கிய திகில் படம் அது. அருவருப்பூட்டும் காட்சிகள் அதில் மிகுதி. ராபர்ட் ஃபுல்ஃபோர்ட் என்ற பெயர்பெற்ற விமரிசகர், ‘சாட்டர்டே நைட்’ இதழில், புனைபெயரில் இப்படத்தைக் கடுமையாகச் சாடினார். இப்படம் எவ்வளவு மோசமானது என்பதை நீங்கள் அறியவேண்டும், ஏனெனில் இதற்குப் பணம் கொடுத்தவர்கள் நீங்களே என்ற கருத்தில் அக்கட்டுரைக்குத் தலைப்பிட்டார். நாடாளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. அடுத்த படத்திற்கு உதவி பெறுவது குரோனன்பெர்க்குக்குக் கடினமாயிற்று. ஆனால் கழகம் போட்ட பணத்தை அப்படம் திருப்பித் தந்துவிட்டது. அவரோ உலகப் புகழ் பெற்று, 1999இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்கே தலைவராக அமர்ந்தார். விமரிசகரின் கேள்வி பொய்யான கேள்வியன்று. வரி கொடுப்பவன் கேட்கத்தக்க கேள்விதான். ஆயினும் ஒரு கலைஞனின் தொடக்ககாலப் படத்தை வைத்து அவன் முழு வாழ்வையும் அளக்க முடியாது என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பின்னர் 1995இல் கனடா வேறொரு வழியைக் கண்டது. அது வரிச்சலுகை. அதன் கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு கனடியப் படத்தில் உழைத்தவர்களுக்குக் கொடுத்த கூலியில், விதிக்கு உட்பட்ட தொகையின் நூற்றுக்கு 25 பங்கை அரசாங்கம் தயாரிப்பாளருக்குத் திருப்பித் தரும். மொத்தச் செலவு 100 ரூபாய் என்றால், பிற்காலத்து விதிப்படி அதில் 60 ரூபாய் வரைதான் கூலியாகக் கணக்கில் கொள்ளப்படும். அதில் நாலில் ஒரு பங்கு 15 ரூபாய். ஆக, உயர்ந்த அளவாக, செலவில் நூற்றுக்கு 15 பங்கு அரசாங்கத்திடமிருந்து கிடைக்கும்.

இந்தப் பதினைந்து சிறிதன்று. இது கிடைப்பது படம் முடிந்த பிறகு. அது வரும் என்ற உறுதியின்மேல் வங்கிகள் முன்பணம் கொடுக்கின்றன. அந்த முன்பணத்தால்தான் படப்பிடிப்பே நடைபெறுகிறது. மேலும், இது ஒரு குழு கூடிச் சிறந்த சிலவற்றைத் தேர்ந்தெடுத்து வழங்கும் பரிசன்று. விதிகளை நிறைவேற்றிய எல்லாப் படங்களுக்கும் உரியது. செய்திப் படம், விளையாட்டு நிகழ்ச்சி, விளம்பரம், காமப்படம் முதலியவற்றுக்குச் சலுகை இல்லை என்று விதியிலேயே ஒரு பட்டியல் எழுதப்பட்டிருந்தது. இந்த வேறுபாட்டை மறவாதீர்கள். நம் ஆராய்ச்சியின் நடுநரம்பு இதுதான்.

2007ஆம் ஆண்டு, வருமான வரியைப் பற்றிய மசோதா ஒன்று கனடிய நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. சி-10 என்பது அதன் எண். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அதனுள், திரைப்படத்தைப் பற்றிய ஒரு சிறு வாசகம் அடங்கிக் கிடந்தது. ஒரு படத்திற்குப் பொதுப்பணத்தால் ஆதரவு தருவது பொதுக் கொள்கைக்கு முரணாகாது என்று பண்பாட்டு மரபுத் துறை அமைச்சர் கருதினால்தான் சலுகைக்குரிய சான்று கிடைக்கும் என்பது அதன் சாரம். எதிர்க்கட்சியினரும் அதைக் கவனியாமல் விட்டுவிட்டனர். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தின் இறுதியில் செய்தித்தாள்களில் இது வெளியானபோதுதான் நாடு விழித்துக்கொண்டது. மசோதா அப்போது மேலவையாகிய செனட் சபையின் முன் இருந்தது. அதன் குழுவின் முன் திரைப்படத் துறையினர் பலர் சாட்சியம் அளித்தனர். நடிகையும் இயக்குநருமான சாரா பாலி அவர்களுள் ஒருவர்.

இரு தரப்பாரும் சொன்னவற்றை நாம் நடுநிலையோடு எடைபோட வேண்டும்.

அரசாங்கத்தின் தரப்பில் சொல்லப்பட்டது இது. எவருடைய படத்தையும் நாங்கள் தடுக்கவில்லை. எடுக்க விரும்புகிறவர் தம் பணத்தில் எடுக்கட்டும், காட்டட்டும். உழைப்பவன் கொடுத்த வரிப்பணம், அளவு கடந்த வன்முறைக்கும் ஆபாசத்துக்கும் போகலாகாது என்பதே எங்கள் நோக்கம். தலைப்பைச் சொல்லவே நாக்கூசும் நகைச்சுவைப் படம் ஒன்றும் பொதுப்பணத்தின் துணையோடு வெளிவந்திருந்ததால், அதுவும் பேச்சில் அடிபட்டது. இத்திருத்தத்தின் கருத்து முந்தைய ஆட்சிக் காலத்திலேயே தோன்றியதுதான் என்றும் அரசாங்கம் எடுத்துக்காட்டியது.

இந்த வாதத்தில் உண்மை உண்டு. பொதுப்பணம் வரம்பற்ற ஊற்றன்று. நாம் ஒருவருக்குக் கொடுத்தால் மற்றொருவருக்குக் குறையும். கொடுப்பவனுக்குத் தேர்ந்து கொடுக்கும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கவில்லை என்பதற்காக அரசாங்கத்தைத் தணிக்கைக்காரன் என்று ஏசுவது நியாயமாகாது.

எதிர்த்தவர்கள் சொன்னதையும் கேளுங்கள். ‘பொதுக் கொள்கை’ என்ற சொல்லுக்கு எல்லை எது? அது சட்டத்தில் எழுதப்படவில்லை. இன்றைய அமைச்சருக்கு ஒரு பொருள் தோன்றும். நாளைய அமைச்சருக்கு வேறு பொருள் தோன்றும். படத்தை எடுத்து முடித்து, கடனும் தலைக்குமேல் ஏறிய பிறகு சலுகை இல்லை என்றால், தயாரிப்பாளர் எங்கே போவார்? நாளை இப்படி நேரலாம் என்றால், எந்த வங்கி இன்று கடன் கொடுக்கும்? ஆபாசத்தைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டம் இருக்கிறது. காமப்படத்தை விலக்க விதியில் பட்டியலும் இருக்கிறது. அவற்றுக்கு மேல் இந்த வாசகம் எதற்கு? இவ்வாறு அவர்கள் கேட்டனர். இன்னொரு முரண்பாட்டையும் சுட்டினர். வெளிநாட்டு நிறுவனங்கள் கனடாவில் வந்து எடுக்கும் படங்களுக்கு வேறொரு வரிச்சலுகை இருந்தது. இந்தப் புதிய கட்டுப்பாடு அதைத் தொடவில்லை. ஆகவே, அயலார் எடுக்கும் வன்முறைப் படத்துக்குச் சலுகை தொடரும். சொந்த நாட்டுக் கலைஞன் எடுக்கும் படத்துக்கே சோதனை! ஒழுக்கத்தைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வேறுபாடு ஏன்?

மாணவர்களே, இந்த வழக்கில் நியாயம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட, என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய ஒரு பள்ளியில், நூலகத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை ஒதுக்கப்படும். எந்த நூல்களை வாங்கலாம் என்பதற்கு விதிகள் இருந்தன. ஆசிரியர்கள் சிலர் கூடிப் பட்டியல் தயாரிப்பார்கள். ஆயிரம் நல்ல நூல்களில் ஐம்பதை வாங்குவோம். வாங்காத தொள்ளாயிரத்து ஐம்பதையும் நாங்கள் தடை செய்துவிட்டோம் என்று எவரும் குறை சொன்னதில்லை, சொல்லவும் முடியாது.

ஓராண்டு, விதிப்படி தேர்ந்தெடுத்து வாங்கிய ஒரு நாவல் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. நூல் வந்து, அட்டை போட்டு, எண்ணும் எழுதப்பட்ட பின், புத்தகக் கடைக்காரருக்கு அதன் விலையைக் கொடுக்கலாகாது என்றார். நான் விதிகளை எடுத்து வைத்தேன். “எந்த விதியை இந்நூல் மீறியது என்று காட்டுங்கள், திருப்பி அனுப்பிவிடுகிறேன். விதியே சரியில்லை என்றால், வரும் ஆண்டுக்கு எல்லாரும் கூடி விதியை மாற்றுவோம்” என்றேன். பணம் கொடுக்கப்பட்டது. நூலும் அலமாரியில் இருந்தது. செய்தி அதோடு முடியவில்லை. மறு ஆண்டு ஆசிரியர்கள் கொண்டுவந்த பட்டியலைப் பார்த்தேன். அதில் புதிய நாவல் ஒன்றுகூட இல்லை. அகராதிகளும் கட்டுரைத் திரட்டுகளுமே இருந்தன. எவரும் எந்த நூலையும் தடுக்கவில்லை. ஆனால் ஆசிரியர்களின் மனத்தில் ஓர் அச்சம் புகுந்துவிட்டது. “எதற்கு வம்பு?” என்ற இரண்டு சொற்கள், ஒரு தடையுத்தரவு செய்யக்கூடிய வேலையைச் சத்தமின்றிச் செய்து முடித்துவிட்டன. அவர்களை அழைத்து, விதிகளை மீண்டும் படித்துக் காட்டி, பட்டியலைத் திருத்தி எழுதச் செய்ய வேண்டியதாயிற்று.

பந்தியில் உட்காரவைத்து இலையைப் பறிப்பது என்று நம் ஊரில் சொல்வதுண்டு. அழையாதிருப்பது கொடுமையன்று. அழைத்து அமர்த்தி, பரிமாறும் வேளையில் இலையைப் பறிப்பதுதான் கொடுமை. அதைக் கண்டவன் அடுத்த முறை அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டான். வந்தாலும் வாய் திறந்து பேசமாட்டான். உதவி மறுப்பு தணிக்கையாக மாறும் இடம் இதுவே.

அமெரிக்க நாட்டு வழக்கொன்றும் இவ்வேறுபாட்டை விளக்கும். அங்கே கலைகளுக்கான தேசிய நிதியம் 1965இல் ஏற்பட்டது. சில கலைப்படைப்புகளால் கூச்சல் எழவே, உதவி வழங்கும்போது பொதுவான கண்ணியத்தையும் மக்களின் பல்வேறு நம்பிக்கைகளையும் கருத்திற் கொள்ளவேண்டும் என்று 1990இல் சட்டம் திருத்தப்பட்டது. உதவி மறுக்கப்பட்ட கலைஞர் நால்வர் வழக்குத் தொடுத்தனர். 1998இல் உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறு பக்கமுமாக, அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பலர் கேட்டுச் சிலர் பெறும் உதவியில், தரத்தை ஒருவர் மதிப்பிட்டே தீரவேண்டும். கண்ணியத்தையும் கருதுக என்பது அம்மதிப்பீட்டின் ஒரு பகுதி என்பது தீர்ப்பின் போக்கு. ஆனால், அரசாங்கத்துக்குப் பிடிக்காத கருத்தைத் தண்டிக்கும் கருவியாக உதவி பயன்படுமானால் அது வேறு வழக்காகும் என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. போட்டிப் பரிசு வேறு, எல்லார்க்கும் பொதுவான சலுகை வேறு என்று நாம் முன்னர்க் கண்டது இங்கே நினைவுக்கு வரவேண்டும்.

கனடாவில் நடந்த போராட்டம் எப்படி முடிந்தது? அமைச்சர் ஜோசே வெர்னர், அந்த வாசகத்தை ஓராண்டு நடைமுறைப்படுத்தாமல் வைத்து, துறையினரோடு கலந்து வழிகாட்டு நெறிகளை வகுக்க முன்வந்தார். எதிர்த்தவர்கள் நிறைவடையவில்லை. 2008 செப்டம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதும் மசோதா காலாவதியாயிற்று. அக்டோபரில், தேர்தல் களத்தில், அந்த வாசகத்தைக் கைவிடுவதாகப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் கட்சி அறிவித்தது. ஒரு வாசகம் மறைந்தது, கேள்வி மறையவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இக்கேள்வி வேறு உருவில் வந்ததுண்டு. 2006இல், தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2011இல் அதற்கு மேலும் நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. எல்லாரும் பார்க்கத்தக்கது என்ற ‘யு’ சான்றிதழ் வேண்டும். தமிழ்ப் பண்பாட்டின் வளர்ச்சிக்குத் துணைசெய்ய வேண்டும். வன்முறையும் ஆபாசமும் மிகுதல் கூடாது என்பன அவற்றுள் சில. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அந்தப் பழைய ஏற்பாடு மாறிவிட்டது. ஆயினும் அந்நிபந்தனைகளை ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். பெயர் தமிழா, சான்றிதழ் ‘யு’ தானா என்பவற்றை எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். தயாரிப்பாளரும் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். பண்பாட்டு வளர்ச்சிக்குத் துணைசெய்கிறதா என்பதை எந்த முழக்கோலால் அளப்பது? முதியவராகிய எனக்குப் பண்பாடாகத் தோன்றுவது, இளைஞராகிய உங்களுக்குப் பழமையாகத் தோன்றலாம். அளவுகோல் மங்கும்போது, அளப்பவரின் கைதான் ஓங்குகிறது.

ஆகவே, பொதுப்பணம் மறுக்கப்பட்டது என்ற செய்தியைக் கேட்டவுடன், தணிக்கை என்று கூவவும் வேண்டாம். நம் வரிப்பணம் பிழைத்தது என்று மகிழவும் வேண்டாம். நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மறுப்பதற்கான விதி முன்கூட்டியே தெளிவாக எழுதப்பட்டிருந்ததா? முடிவு செய்தவர் கலையை அறிந்த, ஆட்சியாளரைச் சாராத குழுவினரா, தனியொரு ஆட்சியாளரா? படம் எடுக்கத் தொடங்குமுன் மறுத்தார்களா, எடுத்து முடித்த பின் மறுத்தார்களா? மறுக்கப்பட்டவர் முறையிட ஓர் இடம் உண்டா? இந்நான்குக்கும் நேர்மையான விடை கிடைக்குமானால், அது தேர்வு. அரசாங்கத்தின் உரிமைக்கு உட்பட்டது. விடை கிடைக்காவிட்டால், கத்தரிக்கோல் கண்ணுக்குத் தெரியாமலிருக்கிறதே தவிர, அது தணிக்கைதான். வாரியம் செய்யும் தணிக்கையிலாவது வெட்டப்பட்ட காட்சி எதுவென்று தெரியும். இதிலோ, எடுக்கப்படாமலே போன படத்தின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். பொதுப்பணம் என்பது பெரும்பான்மையோரின் பணம் மட்டுமன்று. ஒரு படத்தை வெறுப்பவனும் வரி கொடுக்கிறான். அதை விரும்புபவனும் வரி கொடுக்கிறான். நமக்குப் பிடிக்காத படத்துக்கு நம் காசில் ஓர் அணா போனால், நமக்குப் பிடித்த படத்துக்கு மற்றவன் காசில் ஓர் அணா வருகிறது. நாளை உங்களில் சிலர் இத்தகைய குழுக்களில் அமர்வீர்கள். அதிகாரிகளாகவோ அமைச்சர்களாகவோ வருவீர்கள். உங்களுக்குப் பிடிக்காத படம் ஒன்று, எல்லா விதிகளையும் நிறைவேற்றி, உங்கள் கையெழுத்துக்காக மேசைமேல் காத்திருக்கும். அன்று நீங்கள் பேனாவை எடுக்கும்போது இந்த நான்கு கேள்விகளும் உங்கள் நினைவுக்கு வருமானால், இன்று நான் பேசியதன் பயன் நிறைவேறியதாகக் கொள்வேன்.